மாப்பிள்ளை கை வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த கோளாறை முதலில் சொல்லிவிடுகிறேன். பொத்தானை அழுத்தினால் உள்ளே மின்விசிறி சுற்றும், முன்பக்கம் நீல விளக்கு எரியும். அப்பாடா என்று நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அணைந்துவிடும். சரி, செத்துவிட்டது என்று எழுந்தால் தானாகவே மறுபடி எரியும், மறுபடி அணையும். திரையில் ஒரு எழுத்துகூட வராது, கறுப்பாகவே கிடக்கும். ஒரேயடியாகச் செத்துத் தொலைந்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். இது சாகவும் மாட்டேன், பிழைக்கவும் மாட்டேன் என்று விக்கிக்கொண்டே இருந்தது.

அது எனக்கு வெறும் கம்ப்யூட்டர் இல்லை. நான் அப்போது மெடிக்கல் கோடிங் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களைப் போடுகிற வேலை. கோயமுத்தூரில் தெருவுக்கு ஒரு பெண் இந்த வேலை செய்கிறாள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது, வேலையை விட்டுவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசினார்கள். நான் கம்பெனியில் கெஞ்சி, வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கினேன். சொந்தக் கம்ப்யூட்டரும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் சரி, இல்லையென்றால் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆபீசுக்குப் போனால் மாமியாரைப் பார்க்க ஆள் கிடையாது. ஆக, கம்ப்யூட்டர் ஓடினால் எனக்கு வேலை உண்டு, ஓடாவிட்டால் கிடையாது. கணக்கு அவ்வளவுதான்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மாமியாருக்குக் காலைக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், அதற்கப்புறம் என் மூளை எனக்கு மட்டும் சொந்தம். யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் பித்தப்பையையும் முழங்காலையும் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். சரியான எண் அகப்பட்டுவிட்டால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது வேறு எதிலும் வராது. வீட்டுக்காரரைக் கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல ஒக்காந்துட்டு இருக்கறா" என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தங்கையைக் கட்டியவர். கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப்செட்டு மோட்டாருக்கு வேண்டிய சாமான்கள் கடைந்து கொடுப்பார். கல்யாணமாகி வெகு காலம் ஆகியும் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளைதான். அவர் வந்தால் மின்விசிறிக்கு நேராக இருக்கும் நாற்காலி அவருக்கு. கோழிக் குழம்பில் நல்ல துண்டு அவருக்கு. படுக்கையில் கிடக்கிற மாமியார்கூட அவர் குரல் கேட்டால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. வானம் பச்சை என்று அவர் சொன்னால், "ஆமாங்க மாப்பிள்ளை, இப்பெல்லாம் அப்படித்தானுங்க இருக்குது" என்று என் வீட்டுக்காரர் தலையாட்டுவார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நேராகச் சண்டை போடலாம். இவர் சிரித்த முகத்தோடு வந்து, கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் கை வைப்பார். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், மிக்ஸி, மாமியாரின் சக்கர நாற்காலி எதையும் விட்டதில்லை. கை வைத்த பிறகு அது முன்னைவிட மோசமாக ஓடும். ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மிக்ஸி மூடி திறக்க வராமல் போனபோது, மாப்பிள்ளை இறுக்கிக் கொடுத்தது என்பதற்காக அதைச் சுத்தியலால் தட்டித் தட்டியே பல மாதம் திறந்துகொண்டிருந்தோம். கடையில் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று சொன்னால், "அவரு பாத்தத இன்னொருத்தங்கிட்டக் குடுத்தா அவரு என்ன நெனைப்பாரு?" என்று வரும் பதில். மாப்பிள்ளை கை வைத்த பொருளை இன்னொருவரிடம் காட்டினால் மாப்பிள்ளையையே நம்பவில்லை என்று அர்த்தம். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அந்த வாரம் அவர் மாமியாரைப் பார்க்க வந்தபோது நான் உள்ளே வேலையில் இருந்தேன். கம்ப்யூட்டரின் மின்விசிறி கொஞ்ச நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தூசிதான் காரணம், வேறொன்றும் இல்லை. சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"என்னங்க தங்கச்சி, மாவு மில்லாட்டம் சத்தம் கேக்குது?" என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லீங்ணா, தூசிதானுங்க. நானே தொடைச்சுக்கறேன்."

"அட, நீங்க எதுக்குங்க. பட்டறையில கம்ப்ரஸர் இருக்குது. ஒருக்கா ஏர் அடிச்சுக் கொண்டாந்துபோடறேன். புதுசாட்டம் ஆயிருமுங்க."

நான் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் பின்னால் நின்று, மாப்பிள்ளை கேட்கிறார் கொடுத்துவிடு என்று கண்ணாலேயே சொன்னார். வேலையை முடித்து அணைத்தேனோ இல்லையோ, ஒயர்களைப் பிடுங்கி, டப்பாவைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டு போயே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே திரும்ப வந்தது. வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. டீசல் துணியால் துடைத்திருக்கிறார் என்று வாசனையே சொன்னது. அறை முழுக்க மெக்கானிக் கடை நாற்றம். மாமியார் படுக்கையில் இருந்தபடியே, "கண்ணாடியாட்டம் பண்ணிக் கொண்டாந்துட்டாரு பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் தோசை சுட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் காலை ஒயர்களை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விக்க ஆரம்பித்தது.

எனக்கு அந்த நிமிஷமே தெரியும். முந்தின நாள் வரை ஓடிய பொருள் பட்டறைக்குப் போய் வந்த பிறகு ஓடவில்லை. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என்னை ஏதோ தெய்வ நிந்தனை செய்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மாப்பிள்ளை சுத்தம் பண்ணித்தான குடுத்தாரு? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நேத்து வரைக்கும் ஓடுச்சில்லீங்க?"

"பழசாயிருச்சு, போயிருச்சு. எல்லாமே ஒரு நாளைக்குப் போறதுதான்."

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். கூடாது, மாப்பிள்ளையே வந்து பார்க்கட்டும் என்றார். போன் போட்டதும், "தா, வந்துட்டே இருக்கேனுங்க" என்றார் மாப்பிள்ளை. வந்துகொண்டே இருந்தவர் இருட்டுகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அதுவரை நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. காதை வைத்துக் கேட்டார். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"கரண்டு பிரச்சினைங்க. உங்க லைன்ல லோ வோல்டேஜ். மோட்டாரு எடுக்கறதுக்குள்ள உட்டுருதுங்க."

கம்ப்யூட்டரில் மோட்டார் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர், "அதானுங்க, நானும் நெனைச்சேன்" என்று முந்திக்கொண்டார். பட்டறையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசர் வந்தது, அரிசி மூட்டை கனம். அதை மாட்டினால் ஸ்டெபிலைசர் உர்ர் என்றது, கம்ப்யூட்டர் விக்கியது. பிளக்கை மாற்றினார். சமையலறை பாயிண்டில் இருந்து ஒயர் இழுத்தார். திரைக்குப் போகிற ஒயரைக் கழற்றி, அதன் முனையில் ஊதி, வேட்டியில் துடைத்து, மறுபடி செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

"சூடாறோணுமுங்க. ரெண்டு நாளைக்குத் தொடாம வெய்யுங்க. ஞாயித்துக்கெழமை வந்து பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாமுங்க' என்கிற வார்த்தையை எங்கள் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் என்று எனக்கு அடிக்கடித் தோன்றும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இது வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேட்கப் பணிவாக இருக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது.

சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து டீம் லீடர் போன் செய்தாள். என்னைவிடச் சின்னப் பெண், நல்ல பெண்தான். "மேம், திங்கக்கிழமை காலைல லாகின் பண்ணலைன்னா ஆபீஸ் வந்துடுங்க மேம். இல்லைன்னா நான் மேலே என்ன சொல்றதுன்னு தெரியல" என்றாள். சரி என்று போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல், "விட்டுரு. எதுக்குச் சிரமப்படறே? ஊட்டுல இருந்து அம்மாவப் பாத்துக்கோ, போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு எனக்குக் குமட்டியது. என் வேலையைப் பழைய சட்டை மாதிரிக் கழற்றிப் போடச் சொல்கிறார், அதுவும் மாப்பிள்ளையின் கௌரவத்துக்காக.

நான் விடவில்லை. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன், இல்லையென்றால் இன்றைக்குச் சமையல் இல்லை என்றேன். மாமியாரைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"கணபதி வழியாப் போகாத. மாப்பிள்ளைங்க பட்டறை ரோட்டு மேலயே இருக்குது. பாத்துட்டா அசிங்கமாப் போயிரும்."

என் சொந்தக் கம்ப்யூட்டரை நான் திருட்டுச் சாமான் போலப் பழைய பெட்ஷீட்டில் மூட்டை கட்டி, சுற்று வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. கண்டக்டர், "என்னங்கக்கா, அம்மிக்கல்லுங்களா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாருக்கு அசிங்கம், எதற்கு அசிங்கம் என்று யோசித்தபடி மூட்டையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றேன். ஓடாததை ஓடவில்லை என்று சொல்வதுதான் அசிங்கமாம்.

காந்திபுரத்தில் அந்தக் கடை மாடியில் இருந்தது. கடைக்காரர் மூட்டையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"நான்தான் வந்திருக்கேன். என்னோட கம்ப்யூட்டர்தான்."

"அதுக்கில்லீங்கக்கா. சாரு இருந்தா வெவரம் சொல்லலாமுன்னு பாத்தேன்."

விவரத்தை எனக்கே சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். பக்கத்து மூடியைக் கழற்றினார். மூக்கைச் சுளித்தார். டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தார், விரலால் எதையோ தொட்டார், விரலை என் பெட்ஷீட்டிலேயே துடைத்தார்.

"சமையக்கட்டுலயாங்கக்கா வெச்சிருக்கீங்க? உள்ள பூராம் எண்ணெப் பிசுக்கு. பலகாரம் சுடற எடத்துல எல்லாம் கம்ப்யூட்டர் வெக்கக் கூடாதுங்க. போர்டு போயிருக்கும். புதுசே வாங்கிக்குங்க, இதுக்கு இனிச் செலவு பண்ணாதீங்க."

"இன்னொருக்கா நல்லாப் பாருங்களேன்."

"பாத்துட்டனுங்களே."

மூடியை மாட்டி மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பொம்பளை என்றால் சமையற்கட்டு, சமையற்கட்டு என்றால் எண்ணெய், எண்ணெய் என்றால் போர்டு போச்சு. பட்டனைக்கூட அழுத்திப் பார்க்காமல் அவர் கண்டுபிடித்த நோய் அது. படியிறங்கும்போது அவ்வளவு ஆத்திரம் எனக்கு. பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவே நின்று, இந்த ஊரிலேயே எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஆனால் திரும்பும் வழியில் அந்தப் பேச்சில் ஒன்று மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பூராம் எண்ணெய்ப் பிசுக்கு என்றார். என் கம்ப்யூட்டர் சமையலறைப் பக்கமே போனதில்லை. சமையலறையில் இருந்து ஒயர் இழுத்துக் கொண்டுவந்தார் மாப்பிள்ளை, அவ்வளவுதான். கதவு சாத்திய அறையில் இருக்கிற டப்பாவுக்குள் எண்ணெய் எப்படி வரும்? வெளியே துடைத்த டீசல் உள்ளே பிசுபிசுக்குமா? வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்ததும் மோந்து பார்த்தேன். வடை, போண்டா வாசனை இல்லை. மாப்பிள்ளை சட்டையில் வருகிற வாசனை, லேத் பட்டறை வாசனை.

உடனே திறந்து பார்க்க முடியவில்லை. மாமியாருக்கு வயிற்றுப்போக்கு, அன்று மீதிப் பொழுது துணி மாற்றுவதிலேயே போய்விட்டது. வீட்டுக்காரர், "கடைக்காரன் என்ன சொன்னான்?" என்றார். புதிது வாங்கச் சொன்னதாகச் சொன்னேன். "நாந்தான் சொன்னேனே" என்றார். அவருக்கு நிம்மதி. மாப்பிள்ளை மேல் பழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சொன்னபடியே நாத்தனாரோடு வந்தார். ஒறம்பரை என்று உறவுக்காரர் வந்தால் சும்மா அனுப்ப முடியுமா? மட்டன் எடுத்து, அரைத்து, குழம்பு வைத்து, இலை போட்டேன். சாப்பிடுமுன் அவர் கம்ப்யூட்டரை ஒருமுறை போட்டுப் பார்த்தார். அது விக்கியது. "இன்னுஞ் சூடு எறங்கலீங்க. சாப்புட்டுப் பாத்துக்கலாம்" என்றார். சாப்பிட்டார். சாப்பிட்டதும் மின்விசிறிக்கு நேராகப் பாயை விரித்துக் குறட்டை விட்டார். வீட்டுக்காரர் அவருக்குப் பக்கத்தில் படுத்தார். நாத்தனார் தன் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். மட்டன் சாப்பிட்ட வீடு அடித்துப் போட்டாற்போல் தூங்கியது.

நான் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் பேப்பரை விரித்தேன். தையல் மிஷின் டிராயரில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பக்கத்து மூடியைக் கழற்றினேன். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, எல்லாம் பிசுபிசு. மின்விசிறியின் நடுவில் பழுப்பு நிறத்தில் கட்டியாக ஏதோ அப்பியிருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன். கிரீஸ். மோட்டார் பேரிங்குக்கு வைக்கிற கிரீஸ். அதில் ஒரு கரப்பான் பூச்சியின் கால் ஒட்டிக்கொண்டிருந்தது. கால் மட்டும்தான், மீதிப் பூச்சியைக் காணவில்லை.

சரி, மின்விசிறி சுற்றுகிற பொருள், அதற்கு மாப்பிள்ளை போட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்படி விக்கினால் எதைப் பார்க்க வேண்டும் என்று போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்து, ராம் என்கிற பச்சைப் பட்டையை இரண்டு பக்கக் கொக்கியையும் தள்ளி வெளியே எடுத்தேன். சின்ன ஸ்கேல் போல இருக்கும். அதன் அடிவிளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்க வேண்டும். அந்தப் பற்கள்தான் போர்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், தொட்டால்தான் உயிர். அங்கே தங்கமும் இல்லை, பல்லும் இல்லை. ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஆள்காட்டி விரலால் பொறுமையாக, சீராக, ஒரு பல்கூட விடாமல் கிரீஸ் தடவியிருந்தார். அது செருகுகிற பள்ளத்திலும் அடைத்து வைத்திருந்தார். கிரீஸுக்குள் பஞ்சு, முடி, இரும்புத் தூள்.

சிரிப்பு வந்திருக்கலாம். வேறு யாருக்காவது நடந்திருந்தால் நானே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். எனக்கு அருவருப்புதான் வந்தது. கிரீஸ் மேல் மட்டும் இல்லை. இதைத் தடவிய விரல் மேல், அந்த விரலுக்கு நான் போட்ட தோசை மேல், இந்தக் குப்பையைக் காப்பாற்ற நான் சுற்று வழியில் பஸ் ஏறியதன் மேல்.

மாமியாருக்கு முதுகில் புண் வராமல் இருக்க வாங்கி வைத்திருந்த சர்ஜிகல் ஸ்பிரிட்டும் பஞ்சும் இருந்தன. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். கறுப்பாக வந்தது. பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கப் பற்கள் தெரிந்தன. பள்ளத்துக்குள் பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கி விட்டுத் தேய்த்தேன். கிரீஸ் உருண்டு உருண்டு வந்தது. கறுத்த பஞ்செல்லாம் பேப்பரில் குவியலாகக் கிடந்தது. மின்விசிறியையும் துடைத்து, நன்றாக உலரும் வரை விட்டு, பட்டையைப் பழையபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். ஒயர்களை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, நின்றுவிடும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. திரை வெளுத்து, எழுத்து வந்தது.

அழுதுவிட்டேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் முதலில் எழுந்தவர் மாப்பிள்ளைதான். கண்ணைக் கசக்கிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தவர், திரையில் வெளிச்சத்தைப் பார்த்ததும் வீடே கேட்கும்படி, "பாத்தீங்களா! சூடாறுனதும் வந்துருச்சு!" என்றார். வீட்டுக்காரர் ஓடி வந்தார். "மாப்பிள்ளைங்க கை வெச்சா வராம இருக்குமுங்களா?" என்றார். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமியார், "மாப்பிள்ளைங்களுக்குக் காப்பி வெச்சுக் குடு அம்மணி" என்று குரல் கொடுத்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் பேப்பரோடு பஞ்சுக் குவியலை எடுத்து அவர் முன்னால் மேஜை மேல் வைத்தேன்.

"இது என்னங்க?" என்றார்.

"நீங்க தடவுன கிரீஸுங்க. தொடைச்செடுத்தேன். வந்துருச்சு."

அவர் வெட்கப்படவில்லை. அவருக்கு அது தப்பென்றே தெரியவில்லை. "மெஷினுன்னா கிரீஸ் வெக்கோணுமுங்களே தங்கச்சி. வெக்காம ஓட்டுனா தேஞ்சு போயிருமுங்க. துரு வேற புடிக்கும்" என்றார், எனக்கு விளக்குகிற தோரணையில். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். கறுத்த பஞ்சு கண்ணெதிரே இருக்கிறது, துடைத்ததும் ஓடிய கம்ப்யூட்டர் கண்ணெதிரே இருக்கிறது, இவர் கிரீஸுக்குத் தலையாட்டுகிறார். அதைவிட அருவருப்பான ஒன்றை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை பக்கத்து மூடியில் கை வைத்தார். "எதுக்கும் ஒருக்கா உள்ள பாத்துபோடறேன்."

"தொடாதீங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். 'தொடாதே' என்று சொல்லத்தான் வாய் துடித்தது. ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, கடைசியில் அந்த 'ங்க'வைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அப்படியும் போதுமானதாக இருந்தது. அவர் கையை எடுத்தார். முகம் சின்னதாகிவிட்டது. காப்பி வேண்டாம் என்றார். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் வரை வீட்டுக்காரர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை தன் மில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளைங்களுக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுபோடு" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை, போய்விட்டார். லாகின் செய்ய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, எழுத்து வருவதைப் பார்த்துவிட்டு, மாமியாரைக் கவனிக்கப் போனேன்.

தினமும் செய்கிற வேலைதான். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அவரை என் பக்கமாக ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். திருப்பிப் பிடித்துக்கொண்டே முதுகைத் துடைக்க வேண்டும். விட்டால் சரிந்துவிடுவார். அப்படிப் பிடித்திருக்கும்போது என் தோளில் முகத்தை வைத்தபடி அவர் பேச்சை எடுத்தார்.

"பெரிசு பண்ணாத அம்மணி. ஒரு வார்த்தை சொல்லிப்போடு. கம்ப்யூட்ரு போனா வேற வாங்கிக்கலாம். மாப்பிள்ளை மனசு ஒடைஞ்சு போனா வாங்க முடியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார். அவருடைய கனம் முழுக்க என் இடது கையில் இருந்தது.

"ஏனுங்கத்தை, மருமவ போயிட்டா?" என்றேன்.

அவர் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, மெதுவாகப் படுக்க வைத்தேன். போர்வையைச் சரிசெய்யும்போது என் முகத்தைப் பார்க்காமல், "கதவச் சாத்தீட்டுப் போயி வேலையப் பாரு கண்ணு" என்றார்.